விளிம்பு வரைக்கும்

மனைவியை எப்படியாவது தன் பெட்டிக்கே திரும்ப வரவழைப்பது என்று ஜுமாபெக் சபதம் எடுத்தார். பெட்டி என்றால் ரயில் பெட்டி. அல்மாத்தியிலிருந்து அஸ்தானா போகும் பழைய வண்டியில் அவர் பெட்டிப் பணியாளர். மகளைப் பார்க்கப் போகும் மனைவி கலம்காஸ் எப்போதும் அதில்தான் ஏறுவாள். போன மாதம் புது வண்டியில் போய்வந்தாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே புகழ்ச்சி.

"தொட்டில் மாதிரிங்க! ஒரு ஆட்டம் கிடையாது."

"தொட்டில்னா ஆடணும்டி."

"அங்க சயாத்னு ஒரு தம்பி. வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டு, 'அக்கா, தலையணை வசதியா இருக்கா'ன்னு கேக்கறான்."

"நான் கேட்டதில்லையா?"

"நீங்க 'காலை மடக்கு, வழியில நீட்டாதே'ம்பீங்க."

கையுறை ஜுமாபெக்கின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ரயில் என்றால் குலுங்க வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். குலுங்காவிட்டால் நகர்கிறோம் என்று எப்படித் தெரியும்? அவர் பெட்டியில் பல்செட் வைத்தவர்கள் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் பேசுவார்கள். யாரும் புகார் சொன்னதில்லை. சொன்னாலும் அந்தச் சத்தத்தில் கேட்காது.

"நானும் வர்றேன். கிண்ணத்துல தேநீர் ஊத்தி வைப்போம். ஒரு சொட்டு சிந்தினா, இனிமே நீ என் வண்டிதான்."

"சிந்தலேன்னா?"

"சிந்தும்."

புது வண்டி கிளம்பியது. கிளம்பியதே அவருக்குத் தெரியவில்லை. நடைமேடைதான் பின்னால் போனது. எதிர் இருக்கையில் பவுர்சாக் என்னும் பொரித்த மாவு உருண்டையை மென்றுகொண்டிருந்த ஓர் அம்மாள். கலம்காஸ் வழக்கம்போலப் பாதிக் கிண்ணம் ஊற்றினாள்.

"இது ஏமாத்து வேலை. விளிம்பு வரைக்கும் ஊத்து!"

"யாருக்கு? உங்களுக்கா?"

"எனக்குத்தான். எல்லாரும் பார்க்க ஊத்து!"

"அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

ஊற்றினாள். பணிவாக அவர் முன்னால் வைத்தாள். எதிரே இருந்த அம்மாளின் வாயில் பவுர்சாக் அப்படியே நின்றது.

விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம் தேநீர் என்றால் 'இன்னும் கொஞ்சம் இருங்கள்'. நிறைகிண்ணம் என்றால் 'குடித்துவிட்டுக் கிளம்புங்கள்'. அந்தப் புல்வெளி நாட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். பொறாமை அதை மறக்கடித்திருந்தது.

"ஐயோ தம்பி, அப்படி என்ன தப்புப் பண்ணினே?" என்றாள் அந்த அம்மாள்.

"இது சோதனைம்மா!"

"சோதனைதான். கட்டினவளே கிளம்புன்னுட்டாளே!"

கலம்காஸ் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். அதில் ஈரம் இல்லை என்பது ஜுமாபெக்குக்கு மட்டும் தெரிந்தது. வண்டி வளைவில் திரும்பியது. அவர் முழங்காலால் மேசையை ஓர் இடி இடித்தார். மேசை தரையோடு திருகப்பட்டிருந்தது. தேநீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை; வலித்தது முழங்கால்தான்.

கதவில் வெள்ளைக் கையுறை தெரிந்தது. சயாத் கிண்ணத்தைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், ஒரு கேள்வியும் கேட்காமல் ஜுமாபெக்கின் பையைத் தூக்கினான்.

"அண்ணே, அடுத்த பெட்டியில படுக்கை காலியா இருக்கு. வாங்க."

"டேய், நான் அவ புருஷன்டா!"

"தெரியுதுண்ணே. அதனாலதான் மரியாதையாக் கூப்பிடறேன்."

அடுத்த பெட்டியிலும் ஆட்டம் இல்லை. கோபத்தில் கூட அவருக்குத் தூக்கம் வந்தது. கண்ணை மூடும் நேரத்தில் சயாத் திரும்ப வந்தான்.

"அண்ணே, தலையணை வசதியா இருக்கா?"

"...இருக்கு."

"அக்கா சொல்லச் சொன்னாங்க. அடுத்த மாசத்துக்கும் இதே வண்டியில டிக்கெட் போட்டாச்சாம். ஒண்ணுதான் போட்டாங்களாம்."