அப்பா பேரில் ஒரு நாய்

நாய் வாங்குகிறவர்கள் வீட்டைப் பார்ப்பார்கள், வெயிலைப் பார்ப்பார்கள். நான் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். பனிமலையில் புதைந்து கிடந்த ஒருவரை ஆளுயர நாய் ஒன்று தோண்டி எடுத்து முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நம் வீட்டுக்கு இந்த நாய்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். (சென்னை அயனம்பாக்கத்தில் யாரும் பனியில் புதைவதில்லை என்பது ஏனோ எனக்குத் தோன்றவில்லை.)

அப்பாவுக்குத் தோன்றியது. "ஏம்மா ஜெனி, இங்க மழை பேஞ்சா முழங்கால் தண்ணி, பேயலன்னா மண்டைய பொளக்கற வெயிலு. அது வந்து இன்னாத்த தோண்டும்?" என்றார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர், எதையும் அளந்து பார்த்தே பழகியவர். "உங்களுக்கு ரசனையே இல்லப்பா" என்று வாயை அடைத்துவிட்டேன்.

குட்டி வந்த பிறகுதான் இன்னொரு வில்லங்கம் தெரிந்தது. அந்த ஜாதி நாய்க்கு செயின்ட் பெர்னார்ட் என்று பெயர். எங்கள் அப்பா பெயரும் பெர்னாட்.

சத்தியமாக வாங்கும்போது எனக்கு உறைக்கவில்லை. பெற்ற அப்பாவை யார் பேர் சொல்லி நினைக்கிறார்கள்? அவசரமாக டைகர் என்று பேர் வைத்துப் பார்த்தேன், அந்தப் பேருக்கு அது ஒருநாளும் திரும்பவில்லை. தெருப் பிள்ளைகள் "இது இன்னா நாய்க்கா?" என்று கேட்டபோது வாய் தவறி ஜாதிப் பேரைச் சொல்லிவிட்டேன். மறுவாரமே பால்காரர் அப்பாவிடம், "அண்ணாத்தே, உங்க ஊட்டு பெர்னாட்டு என் வண்டி டயர்ல ஒண்ணுக்கு போய்கினு கீறாரு" என்று புகார் சொன்னார். (மரியாதை வேறு.) அப்பா உள்ளே போனார். அன்று இட்லியைத் தொடவில்லை.

அம்மாவின் பாடு அதைவிட மோசம். கல்யாணமான நாளிலிருந்து அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என் முகத்தைப் பார்ப்பாள், நான்தான் சொல்ல வேண்டும். "உங்க வீட்டுல இருக்கறது என்ன நாய்?" என்று கேட்பவர்களிடம், "பெரிய நாய்" என்று முடித்துக்கொள்வாள்.

கத்திரி வெயில் வந்தது. வீட்டில் ஏசி இருந்த ஒரே அறை அப்பா அம்மாவுடையது. வெயில் ஏறும் முன்பே அது நாயின் அறையாகிவிட்டிருந்தது. பெயரையும் அறையையும் பறிகொடுத்த மனிதர் ஹாலில் பாய் விரித்துப் படுத்தார். பகலில் மொட்டை மாடியில் ஷீட் நிழலில் போய் உட்கார்ந்துகொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து சாப்பிட்ட நேரம், கரன்ட் போனது. வெகுநேரம் வரவில்லை. நாய்க்கு மூச்சு இரைத்தது. நாக்கு நீலம் பாய்ந்தது. எழுந்து நிற்கப் பார்த்து அப்படியே சரிந்தது. எங்கோ குளிரில் ஓடியாட வேண்டிய உயிர், என் ஆசைக்காக என் கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது.

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அம்மாவிடம் திணித்துவிட்டுத் தண்ணீர் பிடிக்க ஓடினேன். குழாயைத் திறந்தால் வெந்நீர். மாடித் தொட்டி அப்படிக் காய்ந்திருந்தது.

"என்ன ஜாதிம்மா?" என்றார் டாக்டர்.

"எங்க வீட்டுக்காரர் பேருங்க."

"என்னது?"

"அவங்க பேருதாங்க. நான் சொல்றதில்ல."

"அம்மா, உங்க வீட்டுக்காரரை யாரு கேட்டா? அங்க உயிர் போய்க்கிட்டிருக்கு, நாய் என்ன நாய்?"

அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். கண்ணை இறுக மூடினாள். தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்: "பெர்னாட்டு!"

நாய் ஒரு கண்ணைத் திறந்தது. மாடிப்படியில் தடதடவென்று சத்தம். ஒரு காலில் மட்டும் செருப்போடு, முகம் வெளிறிப்போய் அப்பா வந்து நின்றார். "லில்லி! இன்னா ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?"

"உங்கள இல்லீங்க" என்றாள் அம்மா. "நாய."

அப்பாவின் முகம் தொங்கிப்போனதை நான் பார்த்தேன். அடுத்த நொடி கீழே கிடந்ததை அவர் பார்த்தார். குடிக்க வைத்திருந்த தண்ணீர் கேனை அலாக்காகத் தூக்கி வந்து அதன் வயிற்றிலும் காலிலும் கவிழ்த்தார். மூன்று பேருமாகப் போர்வையில் தூக்கி லோடு ஆட்டோவில் ஏற்றினோம். வழி முழுக்க அதன் தலையை மடியில் வைத்து ஈரத்துண்டால் விசிறிக்கொண்டே வந்தார். "டேய், போயிடாதடா. என் பேர கெடுத்துடாதடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பிழைத்துக்கொண்டது. டாக்டர் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். "இத இந்த வெயில்ல வெச்சிருக்கறது பாவம்மா" என்றார். அன்றைக்கே மாமாவுக்குப் போன் போட்டேன். கோத்தகிரி மலையில் டீ எஸ்டேட் வேலையில் இருக்கிறவர், வண்டியோடு வந்து நாயைக் கூட்டிப்போனார். அன்று வீட்டில் அதிகம் அழுதது அப்பா.

இப்போது ஞாயிறுதோறும் மாமா வீடியோ காலில் நாயைக் காட்டுவார். சொந்தக்காரர்கள் யார் வந்திருந்தாலும் அதற்காகவே காத்திருப்பார்கள். அம்மாவுக்குக் கூச்சமெல்லாம் போயே போய்விட்டது. போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "பெர்னாட்டு, சாப்ட்டியாடா?" என்று கேட்பாள். அங்கே நாய் காதை உயர்த்துவதற்குள் இங்கே பேப்பருக்குப் பின்னாலிருந்து பதில் வந்துவிடும்.

"சாப்ட்டேன், லில்லி."