ஷூ கழல்வதற்கு முன் வந்த சிரிப்பு

பஞ்சை எடுத்ததுதான் தப்பு. அது வாயில் இருந்தவரை பல் காட்ட வந்த நோயாளி பேச வழியில்லாமல் கிடந்தார். எடுத்ததும் கொட்டித் தீர்த்துவிட்டார்.

"மேடம், விருது விழா பாத்தீங்களா? காமெடி விருது அந்தச் சமையல்காரரா நடிச்ச பெரியவருக்குத்தான். மேடை ஏறும்போது ஷூ கழண்டு போச்சு. அதைக் கையில வெச்சுக்கிட்டே பேசினாரு."

மற்ற விருதுகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. பல் டாக்டரின் உதவியாளர் இடிந்து போனாள். காலையிலிருந்து போனை அணைத்து டிராயரில் போட்டு, வரவேற்பறை டிவிக்கு முதுகைக் காட்டியே நடமாடியதெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

விஷயம் இதுதான். கல்லூரித் தோழிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். விழா நடப்பதோ வேலை நேரத்தில். அதனால் வருஷாவருஷம் சாயங்காலம் வீடியோ காலில் கூடி, பதிவை ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். ஒவ்வொரு விருதுக்கும் முன்னால் யாருக்கென்று ஊகம் சொல்ல வேண்டும். முடிவைத் தெரிந்துகொண்டு வருபவளுக்கு அடுத்த வருஷம் இடமில்லை.

சட்டம் போட்டவள் தலைவி. நிஜத்திலும் அவள் ஒரு பள்ளித் தலைமையாசிரியை. போன வருஷம் ஒருத்தி, "கொழுந்தன் உளறிட்டாருடி, நான் என்ன பண்ண?" என்று அழாக்குறையாகச் சொல்லியும் தலைவி மசியவில்லை. இப்போது மூன்று பேர்தான் மிச்சம்.

உதவியாளருக்குத் தோழிகள் வைத்த பெயர் பல்லி. தனியாக இருக்கும் அவள் வயிறு குலுங்கச் சிரிப்பது இந்த ஒரு சாயங்காலம்தான். அதை இழக்க அவளுக்குப் பயமாக இருந்தது. எல்லா ஊகத்தையும் தப்பாகச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று முடிவு கட்டினாள்.

சாயங்காலம் தலைவி கைக்குட்டையோடு வந்து உட்கார்ந்தாள். சளியாம், பள்ளிக்கும் லீவாம். மூன்றாமவள் சோடாபுட்டி, சிப்ஸ் பாக்கெட்டோடு வந்தாள்.

முதல் விருதுக்குப் பல்லி சொன்னது தப்பு. இரண்டாவதும் தப்பு. காமெடி விருதுக்கு, படம் முழுக்கத் தூங்கியே கழித்த ஒரு நடிகரைச் சொன்னாள்.

"அவரா? போட்டியில இருக்கிறதே அவருக்குத் தெரியாதேடி," என்றாள் சோடாபுட்டி.

பெரியவரின் பெயரை அறிவித்தார்கள். அவர் எழுந்து படியில் கால் வைத்தார். பல்லி களுக்கென்று சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் ஷூ கழன்றது.

"நிறுத்துங்க," என்றாள் தலைவி. மூன்று திரையும் நின்றன. "அப்ப ஷூ இன்னும் கழலவே இல்ல. நீ எதுக்குச் சிரிச்ச?"

"அது... இங்க ஒரு பூனை."

"நீ எப்ப பூனை வளர்த்த?"

"பக்கத்து வீட்டுப் பூனை. பால்கனியில நிக்குது."

"மடியில கனமில்லன்னா வழியில பயம் எதுக்கு? பூனையக் காட்டு."

பல்லி போனைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். இருட்டாகத் தெரிந்த மூலையைக் காட்டினாள்.

"துடைப்பம் மாதிரி இருக்கே," என்றாள் சோடாபுட்டி.

"மாதிரி இல்ல. துடைப்பமேதான்," என்றாள் தலைவி. "இன்னொண்ணு. ஒரு விருதுக்குக்கூட நீ பக்கத்துல வரல. நெஜமாவே தெரியாதவ குருட்டாம்போக்குல ஒண்ணாவது சரியா சொல்லுவா. இப்படி மெனக்கெட்டுத் தப்பு பண்ண, எல்லாம் தெரிஞ்சிருக்கணும்."

பல்லி பஞ்சிலிருந்து தொடங்கி அத்தனையையும் சொன்னாள்.

"பாவம், விட்டுடேன். பேஷண்ட் வாயை இவ எப்படி மூடுவா?" என்றாள் சோடாபுட்டி.

"காதுல விழுந்தாலும் தெரிஞ்சதுதான். நாள் பூரா போனைத் தொடாம, டிவி பக்கம் திரும்பாம நான் விரதம் இருக்கல? அடுத்த வருஷம் நீ கிடையாதுடி. இன்னிக்கு மட்டும் பாத்துட்டுப் போ."

பல்லி பதிவை மறுபடி ஓடவிட்டாள்.

திரையில் பெரியவர் ஷூவைக் கையில் பிடித்தபடி, இதைப் பார்க்க மனைவி உயிரோடு இல்லையே என்றார். தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

அவள் பின்னால் டீயோடு வந்து நின்ற கணவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"காலையில பாத்தப்பவும் இதே எடத்துலதானே அவ்வளவு அழுத, இன்னுமா கண்ணீர் மிச்சமிருக்கு?"