புதுக் கெபாசிட்டரும் பக்கத்து வீட்டுச் சுவரும்

எட்டுத் திருகுகளில் ஏழுதான் கிண்ணத்தில் இருந்தன. எட்டாவதைத் தேடிப் பல்லக்கா குப்புறப் படுத்து, சோபாவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். முதுகுப் பலகை கழற்றப்பட்ட ஸ்பீக்கர் பெட்டி, பல் டாக்டர் முன்னால் வாயைப் பிளந்தவர் மாதிரி அவளுக்குப் பின்னால் நின்றது.

பல்லக்கா என்பது பட்டறையில் வைத்த பெயர். பல் செட் செய்யும் பட்டறையில் இருபது வருடம். அரிசி அளவு பல்லை இழைத்து இழைத்து, யாரோ ஒருவரின் சிரிப்பில் கொண்டுபோய்ப் பொருத்துகிற கை அது. ஸ்பீக்கர்கள் இரண்டும் அவளுடைய அக்கா வீடு மாறும்போது இவள் தலையில் தள்ளிவிட்டவை. இடுப்பு உயரம், மூட்டை கனம், நாற்பது வயது.

"பாடத்தானே செய்யுது? எதுக்கு அதைப் பிரிச்சுப் போட்டிருக்கே?" சாப்பாட்டு மேசையிலிருந்து கணவர் கேட்டார். அச்சகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பது அவர் வேலை. சிவப்புப் பேனா காதிலேயே குடியிருக்கும்.

"பாடலீங்க. போர்வைக்குள்ள முணுமுணுக்குது."

உள்ளே பஞ்சுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை இருந்தது. கிராஸோவர் என்பார்கள். வருகிற இசையைப் பிரித்து, கனத்த ஒலியைப் பெரிய கூம்புக்கும் மெல்லிய ஒலியைச் சின்னக் கூம்புக்கும் அனுப்புவது அதன் வேலை. அதிலுள்ள கெபாசிட்டர்கள் வயதானால் உள்ளுக்குள் வறண்டுபோகும். அதை அவள் விளக்கினாள்.

"தபால்காரர் படுத்துட்டாருன்னு சொல்லு" என்றார் கணவர்.

"மேல் மாடி லெட்டரை மட்டும் பட்டுவாடா பண்ண மாட்டேங்கறாரு."

எந்தக் கம்பி எங்கே என்று படம் வரைந்து வைத்துக்கொண்டு, பழைய நாலு கெபாசிட்டரையும் கழற்றி ஒரு தகர டப்பாவில் போட்டாள். புதியவற்றைப் பற்றவைத்தாள். ஈயப் புகை நூல் மாதிரி எழுந்து ஜன்னல் வெயிலில் கரைந்தது. எட்டாவது திருகு அவள் கொண்டையிலிருந்து விழுந்தது.

சாயங்காலம் இசைத்தட்டைச் சுழலவிட்டாள். பாடியவள் பெயர் உறையிலேயே அழிந்துபோயிருந்தது. வார்த்தையில்லாத வெறும் ஹம்மிங். இத்தனை நாள் தூரத்து அறையில் ஒலித்த குரல் இப்போது எழுந்து வந்து சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்தது. மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அதற்கும் பின்னால், இதுவரை அவள் கேட்டேயிராத ஒரு மணி. நீர்த்துளி இன்னொரு நீர்த்துளிமேல் விழுகிற மாதிரி, எண்ணி நாலு நொடிக்கு ஒரு தரம். சுவரில் இருந்த வெயில் மெல்ல நகர்ந்தது. அறையே தண்ணீரில் மிதப்பதாகத் தோன்றியது. பல்லக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

டொக்.

கண்ணைத் திறந்தாள். மணி ஒலித்தது. டொக். மறுபடி மணி. மறுபடி டொக். குருவி கொத்துகிற மாதிரி சின்னச் சத்தம், ஆனால் சந்தேகமில்லை. பக்கத்து வீட்டுச் சுவர்.

"போச்சு" என்றார் கணவர். "தொந்தரவா இருக்குன்னு தட்டறாங்க."

பக்கத்து வீட்டுக்காரர்கள் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. காலையில் ஹெல்மெட்டோடு ஒரு பெண் படியிறங்குவாள், இருட்டும் நேரத்தில் ஏறுவாள். சிரிப்பை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போகிறவள் போல இருப்பாள். அவளைத் தவிர அந்த வீட்டிலிருந்து யாரையும் பார்த்ததில்லை.

"மணி அடிக்கறப்பதாங்க தட்டறாங்க. அந்த மணிதான் ஆகலபோல" என்று பல்லக்கா கண்டுபிடித்தாள். மறுநாளே சின்னக் கூம்புக்குப் போகிற வழியில் ஒரு ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்தாள். மெல்லிய ஒலிக்குக் கடிவாளம் போட்ட மாதிரி. மணி அடக்கமாக ஒலித்தது.

டொக். முன்னைவிடக் கொஞ்சம் பலமாக.

இன்னும் பெரிய ரெசிஸ்டர் வைத்தாள். மணி வேறொரு தெருவுக்குக் குடிபோனது. டொக், டொக். அடுத்த நாள் இன்னும் பலம். இப்போது குருவி இல்லை, மரங்கொத்தி.

"நாம இறங்க இறங்க அவங்க ஏறறாங்க" என்றார் கணவர். எலக்ட்ரானிக்ஸால் ஆகாததைத் தமிழால் சாதிப்பதென்று முடிவுசெய்து, அந்தச் சுவரை ஒட்டித் தன் அகராதி அலமாரியைத் தள்ளி நிறுத்தினார். பன்னிரண்டு தொகுதிகள், தலையணைத் தடிமன். "இதைத் தாண்டி ஒரு சத்தம் போகாது."

அன்று சுவர் அதிர்ந்த அதிர்ச்சியில் மூன்றாம் தொகுதி அவர் கால் கட்டைவிரல்மேல் விழுந்தது.

விரலை ஐஸ் தண்ணீரில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தார். 'தங்களுக்கு நேர்ந்த இடையூறுக்கு' என்று எழுதினார். இடையூறுக்கா, இடையூற்றுக்கா என்று யோசித்தார். அடித்தார், மாற்றினார், மறுபடி மாற்றினார். அன்று முழுக்கக் கடிதம் முதல் வரியைத் தாண்டவில்லை.

பல்லக்காவுக்குப் பட்டறையில் கை ஓடவில்லை. காதுக்குள் டொக் டொக் கேட்டுக்கொண்டேயிருந்தது. யாரோ ஒரு பெரியவருக்குக் கடைவாய்ப்பல்லை முன்வரிசையில் வைத்துவிட்டாள். "அக்கா, இவர் சிரிச்சா ஊரே ஓடிடும்" என்று முதலாளியம்மா செட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டிகளைத் திறந்தாள். புதுக் கெபாசிட்டர்களைக் கழற்றி, தகர டப்பாவிலிருந்து பழையவற்றை எடுத்து அதே இடத்தில் பற்றவைத்தாள். இசைத்தட்டு சுழன்றது. குரல் போர்வைக்குள் போய்விட்டது. மணி இல்லவே இல்லை.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

டம். டம் டம். டம். ஒழுங்கே இல்லை. நினைத்தபோதெல்லாம் சுவர் இடிபட்டது.

"வெறி பிடிச்சுடுச்சு" என்று கணவர் கிசுகிசுத்தார். "நிறுத்து, நிறுத்து."

அதோடு பாட்டையே நிறுத்தினாள். ஸ்பீக்கர்கள்மேல் படுக்கை விரிப்பைப் போர்த்தினாள். அடுத்த மூன்று மாலைகள் வீடு வீடாக இல்லை. கரண்டி கீழே விழாமல் சமைத்தார்கள், தும்மலைத் தலையணைக்குள் தும்மினார்கள். சோபாவில் உட்கார்ந்தால், கேட்காத அந்த மணிக்காக அவள் காது தானாக நாலு நொடி எண்ணியது. ஐந்தாவதில் ஒரு பள்ளம். பல்லக்கா அந்தப் பள்ளத்தில் விழுந்து விழுந்து எழுந்தாள். ஒரு பெட்டிக்குள் இத்தனை காலம் அடைபட்டிருந்த ஒன்றைத் திறந்துவிட்டு, தன் கையாலேயே மறுபடி அடைத்துவிட்டோமே என்றிருந்தது.

நாலாம் நாள் சாயங்காலம், பாட்டே இல்லாத அமைதியில், சுவர் தட்டியது.

டொக்... டொக்... டொக்.

"பாட்டே போடலியே! இப்ப எதுக்குத் தட்டறாங்க?"

"பழைய கோபம். மிச்சம் மீதி இருக்கும்."

"நான் போய்க் கால்ல விழுந்துட்டு வந்துடறேன்" என்று எழுந்தாள் பல்லக்கா. "இல்லன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்."

"கடிதம் இன்னும் ரெண்டு வரி..."

"உங்க கடிதம் முடியறதுக்குள்ள அவங்க வீட்டையே காலி பண்ணிடுவாங்க."

கழற்றிய புதுக் கெபாசிட்டர்களை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டாள். இனி ஆபத்தில்லை என்பதற்கு அத்தாட்சி வேண்டுமே. கணவர் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தார். அவள் அழைப்பு மணியை அழுத்தினாள். உடனே அது பெரிய சத்தமாகப் பட்டு, அதற்கும் சேர்த்து வருத்தப்பட்டாள்.

கதவைத் திறந்தவள் அந்தப் பெண்தான். அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருக்க வேண்டும், ஹெல்மெட் இன்னும் கையில் இருந்தது. கண்கள் கலங்கிச் சிவந்திருந்தன. கோபத்தின் உச்சி இதுதான் என்று பல்லக்கா முடிவுகட்டினாள்.

"மன்னிச்சுக்கோம்மா" என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். "உங்களை ரொம்பப் படுத்திட்டோம். அந்த மணிச் சத்தம் வராம இருக்க என்னென்னவோ பண்ணிப் பார்த்தேன். ஒண்ணும் சரியா வரல. கடைசியில எல்லாத்தையும் கழட்டிட்டேன். பாரு, இதோ. இனிமே சத்தியமா அந்தப் பாட்டைப் போட மாட்டேன்."

அந்தப் பெண் நீட்டிய உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு பல்லக்காவின் முகத்தைப் பார்த்தாள். ஹெல்மெட்டை மெல்லக் கீழே வைத்துவிட்டு, கெபாசிட்டர்களோடு சேர்த்து அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்தி மூடினாள்.

"ஐயோ அக்கா, திரும்ப மாட்டிடுங்க, ஒரு வருஷமா அசைவே இல்லாம கிடந்த எங்கப்பா கை உங்க மணிக்குத்தான் தாளம் போட ஆரம்பிச்சது, நாளுக்கு நாள் பலமா வேற போட்டுக்கிட்டிருந்தாரு!"