மிச்சம் ஏழு

இனிமேல் இந்த வண்டியின் மேல் எந்த மெக்கானிக்கின் நிழலும் படாது என்று ஸ்கேல்காரர் அறிவித்தபோது, அந்த வண்டி ஒரு டிராக்டரின் பின்னால் கயிற்றில் கட்டப்பட்டுத் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது. இருபத்தெட்டு வயது ஜீப். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், மலையே ஏறும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். இப்போதைக்கு நாலும் சேர்ந்து இழுபட்டுக்கொண்டு வந்தன.

ஸ்கேல்காரர் என்பது அலுவலகத்தில் விழுந்த பெயர். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவர். சட்டைப்பையில் ஆறங்குல ஸ்கேல் இல்லாமல் வாசல் தாண்டமாட்டார். தோசைக்கல் வாங்கப் போனாலும் விட்டம் அளப்பார். கோடு நேராகப் போடத் தெரிந்தவனுக்கு உலகத்தில் எந்த வேலையும் வரும் என்பது அவருடைய கட்சி. அந்தக் கட்சியில் உறுப்பினர் அவர் ஒருவர்தான்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். தெருவுக்கே அவர் சிஸ்டர். காலையில் இரண்டு பஸ் மாறிப் போய், மதியம் இரண்டு பஸ் மாறி வருகிறவர். டிரைவிங் லைசென்ஸ் எடுத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அது பீரோவில் புடவைக்கடியில் தூங்குகிறது. அதனால் வண்டி வீட்டுக் கொட்டகைக்குள் தள்ளப்பட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி நியாயமானதுதான்.

"ஏங்க, இது ஓட ஆரம்பிச்சா, நான் டியூட்டிக்கு எடுத்துட்டுப் போகலாமா?"

"அதெப்படி? ஒருத்தன் உயிரைக் குடுத்து சரி பண்ணுவான், இன்னொருத்தர் ஜம்முனு ஏறி உக்காருவாங்களா? யார் கை சரி பண்ணுதோ, அந்தக் கையிலதான் சாவி."

"நிஜமாவா?"

"எழுதியே தரேன்."

எழுதியே தந்தார். வரைபடத் தாளில், கறுப்பு மையில், அச்சு தோற்கும் எழுத்தில்: "இவ்வண்டியை எவர் கை சரிசெய்கிறதோ, அவர் கையிலேயே சாவி இருக்கும்." கீழே தேதி, கையெழுத்து. சாட்சிக்கு எதிர்வீட்டு பஸ் டிரைவரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கி, கொட்டகைச் சுவரில் ஒட்டினார். சிஸ்டர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, எழுத்து ரொம்ப அழகு என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முதல் ஞாயிறு ரேடியேட்டர். பழைய ரப்பர் குழாயைக் கழற்றிப் புதுசு மாட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது தரையில் ஒரு இரும்புப் பட்டை மட்டும் வட்டமாகக் கிடந்தது.

"இது எங்க இருந்து வந்துச்சு?" என்றார் சிஸ்டர்.

"மிச்சம். அந்தக் காலத்துக் கம்பெனி, தாராள மனசு. ஒண்ணு கூடவே போட்டிருக்கான்."

"எங்க தியேட்டர்ல முன்னாடி எத்தனை சாமான் எடுத்தோமோ, பின்னாடியும் அத்தனை இருக்கணும். எண்ணிப் பார்க்காம வயித்தைத் தைக்கவே மாட்டோம்."

"அது உடம்பு. இது இரும்பு. இரும்புக்கு வயித்துவலி வராது."

சிஸ்டர் பட்டையை ஒரு காலி மருந்துப் புட்டியில் போட்டு, பிளாஸ்திரி ஒட்டி, தேதி எழுதி, கொட்டகை அலமாரியில் வைத்தார். ஸ்கேல்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் காலை வண்டிக்கடியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஆனால் புதன்கிழமை பார்த்தால் சொட்டு நின்று தரை காய்ந்திருந்தது.

இங்கேதான் ஸ்கேல்காரரின் புகழ்பெற்ற கொள்கை பிறந்தது. ரிப்பேர் பார்த்த வண்டியை உடனே குறை சொல்லக் கூடாது. மூன்று நாள் விட வேண்டும். புதுச் செருப்பு காலுக்குப் பழகுகிற மாதிரி, இரும்பு தானாக ஊறி, தானாக உட்கார்ந்து, தானாகச் செட்டாகும். எதிர்வீட்டு பஸ் டிரைவரை நிறுத்தி வைத்து இதை விளக்கினார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் அவர். கேட்டுவிட்டு, "அப்படியா சார், இத்தனை நாள் தெரியாமப் போச்சே" என்றார்.

கொள்கை ஒவ்வொரு வாரமும் ஜெயித்தது. பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டைக் கழற்றி மாட்டியதில் இரண்டு போல்ட்டும் இரண்டு வாஷரும் மிச்சம். வண்டி நகர்ந்தால் அடியில் யாரோ கதவைத் தட்டுகிற சத்தம். வியாழக்கிழமைக்குள் தட்டியவர் போய்விட்டார். ஆக்சிலரேட்டரைப் பிரித்து மாட்டியதில் சுருள்கம்பி ஒன்று மிச்சம். மிதியை விட்ட பிறகும் என்ஜின் அலறிக்கொண்டே இருந்தது. நாலாம் நாள் சாதுவாக அடங்கிவிட்டது. ஒவ்வொரு மிச்சமும் ஒவ்வொரு புட்டிக்குள் தேதியோடு போனது. அதற்குப் பிறகு அந்தப் புட்டிகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் மனசு குளிர்ந்துபோய் இருந்த காலம் அது. வண்டியின் கையேட்டில் அங்கங்கே பிளாஸ்திரித் துண்டு அடையாளம் வைத்திருப்பதைப் பார்த்தார். புருஷனின் வேலையைப் புரிந்துகொள்ள ஆசைப்படுகிறாள் என்று நெகிழ்ந்தார். கொட்டகையில் ஒரு பெட்டி ரப்பர் கையுறை இருந்தது. என் கை அழுக்காகக் கூடாதென்று எவ்வளவு அக்கறை என்று கண் கலங்கினார்.

அந்த உற்சாகத்தில் வண்டியை மேம்படுத்தவும் தொடங்கினார். ஆறு கடக்கும்போது என்ஜினுக்குள் தண்ணீர் போகாமலிருக்க, கண்ணாடியோரமாகக் கூரைக்கு மேலே போகும் ஒரு மூச்சுக்குழாய். பக்கத்திலிருக்கும் ஆற்றுக்குப் போகவே அரை நாள் ஆகும். அதனால் என்ன? நாலு ஸ்க்ரூவுக்கும் இடம் ஸ்கேல் வைத்து அளந்தார், பென்சிலால் குறித்தார், மாட்டினார். இந்த வேலையில் மட்டும் எதுவுமே மிஞ்சவில்லை. அதைச் சிஸ்டரிடம் மூன்று தடவை சொன்னார்.

கடைசி வேலை, நாலு சக்கரத்தையும் சேர்க்கிற லீவர். துருப்பிடித்து இறுகியிருந்ததைப் பிரித்து, கிரீஸ் போட்டு மாட்டினார். அப்புறம் அது ஒற்றை விரலுக்கு வெண்ணெயாக நகர்ந்தது. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பின் மட்டும் தரையில் கிடந்தது. ஊரின் பழைய வண்டிக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை தண்ணீர்த்தொட்டி மலையில் ஏறுவார்கள். அதற்கு ஒரு வாரம் இருந்தது. அன்று சாயங்காலமே ஒத்திகைக்குப் போனார். பாதி மேட்டில் பின்சக்கரம் மட்டும் மண்ணைத் தோண்டியது. முன்சக்கரங்கள் இரண்டும் வேடிக்கை பார்த்தன. ரிவர்ஸிலேயே இறங்கி வந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"ஊறணும்," என்றார் ஸ்கேல்காரர். குரலில் கொஞ்சம் ஈரம் இருந்தது.

அடுத்த ஞாயிறு, பக்கத்து இருக்கையில் சிஸ்டர், பின்னால் பஸ் டிரைவர். லீவரைத் தள்ளினார். வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் கனத்தது. அப்புறம் ஜீப் உறுமிக்கொண்டு, நாலு காலையும் ஊன்றி, ஒரே மூச்சில் மேட்டை ஏறி முடித்தது. ஸ்கேல்காரருக்கு மார்பு விரிந்ததில் சட்டைப் பொத்தான் திணறியது. வாழ்க்கையில் அவர் போட்ட எல்லாக் கோடுகளையும்விட நேரான கோடு இதுதான் என்று தோன்றியது.

உச்சியில் ஏழெட்டு வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். சுவரிலிருந்து பத்திரமாகப் பிரித்து, சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்த தாளை அவர் எடுத்துக் காட்டினார். அவர்களுடைய சங்கத் தலைவர், நரைமீசைக்காரர், உரக்கப் படித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு மெக்கானிக் கூடத் தொடவில்லை, முழுக்க முழுக்க வீட்டுக் கை என்று ஸ்கேல்காரர் சொன்னார். அது அப்படியே உண்மை.

தலைவருக்கு ஒரு சந்தேகம். "லீவர் பின்னை எந்தப் பக்கமிருந்து குத்தினீங்க? எனக்கு ரெண்டு தடவை கழண்டு விழுந்துடுச்சு."

ஸ்கேல்காரர் ஸ்கேலை எடுத்தார். திரும்பப் பையில் வைத்தார்.

"மேல இருந்து கீழ," என்றார் சிஸ்டர். "அப்பத்தான் கிளிப் உடைஞ்சாலும் பின் விழாது."

சிஸ்டர் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தலைவரிடம் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் சாமான்களை எண்ணி எழுதும் படிவம். எந்தத் தேதியில் எது வெளியே கிடந்தது, எந்தத் தேதியில் எங்கே மாட்டப்பட்டது என்று வரிசையாக இருந்தது. வெளியே ஏழு. உள்ளே ஏழு. மிச்சம் இல்லை. அடியில் சாட்சிக் கையெழுத்து. அந்தக் கையெழுத்தை ஸ்கேல்காரர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். திரும்பினார். பஸ் டிரைவர் தண்ணீர்த்தொட்டியின் உயரத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர் டார்ச் பிடிக்கச் சொன்னாங்க சார். பிடிச்சேன்."

"அப்ப... வண்டி ஊறிச் செட்டானது?"

"நான்தாங்க ஊறினேன்," என்றார் சிஸ்டர். "மதியத்துக்கு மதியம், அதுக்கு அடியில."

தலைவர் சட்டம் போட்ட தாளை இன்னொரு தடவை படித்தார், இந்த முறை மெதுவாக. கத்தரிக்குக் கை நீட்டும் டாக்டர் மாதிரி சிஸ்டர் உள்ளங்கையை விரித்து நீட்டினார். ஸ்கேல்காரர் சாவியை வைத்தார்.

வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது. ஆனால் அதை இடித்துத் தள்ளிக்கொண்டு இன்னொன்று முன்னால் வந்தது. மேட்டை ஒரே மூச்சில் ஏறிய வண்டி. அதைச் செய்த கை அவர் வீட்டில் இருக்கிறது. "என் சம்சாரம்தான் பண்ணினா," என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார். எழுதிக் கொடுத்தது மட்டும் என் கை என்றும் சேர்த்துக்கொண்டார்.

சிஸ்டர் சாவியைத் திருகினார். வண்டி பூனை மாதிரி இறங்கியது. பக்கத்து இருக்கையில் ஸ்கேல்காரர் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க முடியாதே.

"எது எப்படியோ, மூச்சுக்குழாய் முழுக்க என் வேலை."

"ஆமாங்க. அதுல மிச்சமே இல்லைன்னீங்க. அதான் நான் தொடவே இல்லை."

முதல் வளைவில் கூரையோரம் ஒரு கிறீச். அடுத்து ஒரு 'டமால்'. மூச்சுக்குழாய் மலைப்பாதையில் உருண்டு போய்க்கொண்டிருந்தது. சிஸ்டர் நிதானமாக பிரேக் பிடித்தார். கைப்பையிலிருந்து ஒரு காலி மருந்துப் புட்டியை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தார்.

"ஸ்க்ரூ நாலு. எண்ணி எடுத்துட்டு வாங்க."