மேல்தட்டில் இருக்கும் மொட்டையன் பெரியப்பா

ராக்கிராக்கி, பிஜி
30-7-1996

அன்புத் தங்கச்சி பவளாயிக்கு, அண்ணன் அங்கமுத்து தன் கையாலேயே எழுதும் முதல் கடிதம். எழுத்து கோணலாக, ஒன்று யானையாகவும் ஒன்று எறும்பாகவும் இருப்பதற்கு மன்னிக்க வேண்டும். இந்த மூன்று வரிக்குள் டீ ஆறிவிட்டது. மாப்பிள்ளை வாசித்துக் காட்டும்போது சிரிக்க வேண்டாம் என்று சொல்.

எழுபத்திரண்டு வயதில் எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா ஆரம்பித்த கடையில் எங்கெங்கே தமிழ் எழுத்து இருக்கிறது என்று தேடித் தேடி வாசித்தேன். காலண்டர், ஊதுபத்திப் பெட்டி எல்லாம் முடிந்து மேல்தட்டுக்குப் போனேன். அப்பா கடை திறந்ததும் பூசுவாரே, அந்தத் திருநீற்று டப்பா. அவர் போன பிறகு நாற்பது வருடமாக நானும் அதைத்தான் பூசுகிறேன், குறையக் குறையப் புதுசு கொட்டி நிரப்புகிறேன், தீமிதிக்காரர்களுக்கும் அதிலிருந்துதான் மடித்துக் கொடுக்கிறேன். அதன் பக்கவாட்டில் அப்பா ஆணியால் கீறியிருந்ததைக் கூட்டி வாசித்தேன்: "அண்ணன் சாம்பல். ஊருக்கு அனுப்ப வேணும்."

நம் மொட்டையன் பெரியப்பாதான். ஆலையில் ஒரு விரலை இழந்தவர், வேறு தீவுக்குப் போய்விட்டார் என்று அப்பா சொன்னாரே, அவர் எங்கேயும் போகவில்லை. அரிசி மூட்டைக்கு மேலே இருந்திருக்கிறார். ஊரே அவரை நெற்றியில் பூசியிருக்கிறது. பக்கத்து வீட்டு செமி தலைவலிக்குக்கூடப் பூசியிருக்கிறான். அவனிடம் சொன்னேன். "சும்மா கிடந்த மனுசனை, எழுத்துப் படிச்சு எழுப்பி விட்டுட்டியே அங்கா" என்றான்.

சிரித்தேன். பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. தீமிதித்தவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான், குழியில் யாரோ கையைப் பிடித்துக் கூட நடந்தார்கள் என்று. மாரியம்மன் என்று கும்பிடுவேன். போன வருடம் தையல்காரர் மகன், "மாமா, அந்தக் கையில நாலு விரல்தான் இருந்துச்சு" என்றான். அம்மனுக்கு விரல் எண்ணுகிறாயா என்று திட்டி அனுப்பினேன்.

அப்பாவின் சொல்லை இனியாவது நிறைவேற்ற வேண்டும். அடுத்த மாதம் நீங்கள் நம் ஊர் சேலத்துக்குப் போகும்போது, இங்கே வந்து பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்க் காவிரியில் கரையுங்கள். டப்பாவைத் துணியில் கட்டிவிட்டேன். கட்டியதிலிருந்து தராசு ஒரு பக்கமே சாய்கிறது. வருகிறவர்கள் வாசலில் நின்று, கடையை மூடிவிட்டீர்களா என்று கல்லாவில் உட்கார்ந்திருக்கும் என்னையே கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என் மகன் தயாளன் தீமிதிக்கிறான். அவனுக்குப் பாக்கெட் திருநீறுதான்.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன்,
அங்கமுத்து

பி.கு.: கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. இன்று திங்கள். நேற்று தயாளன் குழி நடுவில் நின்று கையை நீட்டினான். பிடிக்க ஆளில்லை. உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அவனைப் பார்க்க வந்த விமலா டீச்சர், எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள், டப்பாவைப் பார்த்தாள். "ஐயா, இது பழைய எழுத்து. நீங்க 'ணு'ன்னு வாசிச்சது 'ணா'. அனுப்ப வேணாம்னுதான் போட்டிருக்கு" என்றாள். டப்பாவைக் கவிழ்க்காமல் தூக்கி அடியையும் வாசித்தாள். அங்கே இன்னொரு வரி: "கடையிலயே இருக்கேங்கிறான்."

மேலே எழுதிய எதையும் செய்யாதே. பெரியப்பாவை அவர் இடத்தில் வைத்துவிட்டேன். தராசு நேராகிவிட்டது. தயாளன் கால் எப்படி இருக்கிறது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.