நாட்டுக்கு மூத்த காசு

மார்சிலிங் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்த சேதுபதிக்கு வெள்ளிக்கிழமை விடிந்தால் ஒரு வேலை உண்டு. முருகன் படத்தடியில் இருக்கும் பத்துக் காசை எடுப்பார்; புளியைக் கரைத்துப் பூசுவார்; சாம்பல் தொட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்பார். சிங்கப்பூர் தன் சொந்தக் காசை வெளியிட்ட முதல் வாரத்திலேயே அவர் கைக்கு வந்த காசு அது. மற்றவர்கள் காசைச் செலவழித்தார்கள், சேதுபதி குளிப்பாட்டினார். ஆண்டுக்கணக்கில் நடந்த இந்தக் குளியலில், காசிலிருந்த கடற்குதிரையின் கண் போயிற்று. வாலின் சுருள் போயிற்று. அவருடைய பக்தி மட்டும் தேயவில்லை.

1982இல் ஒரு வெள்ளிக்கிழமை, காசிலிருந்த ஆண்டை அவர் வாசித்தார். 1961 என்றிருந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாசித்தார். அதே 1961. நாடு தனியாகப் பிறந்ததே 1965இல். காசு அடித்ததோ 1967இல். நாட்டுக்கு மூத்த காசா?

அச்சடித்தவர்கள் செய்த பிழையாக இருக்கலாம் என்று தேக்கா சந்தையில் யாரோ சொன்னார்கள். அது சப்பென்று இருந்தது. கெர்பாவ் சாலையில் ஒரு மாடியறையில் குறி சொல்லிவந்த மருதப்பன் சொன்னதுதான் சுவையாக இருந்தது. இது பிழையில்லையாம், நாடு பிறப்பதை முன்பே அறிந்து பிறந்த ஞானக் காசாம். அருகே சென்றாலே தம் கை நடுங்குகிறது என்று காட்டினார். கை நன்றாகவே நடுங்கியது.

அவ்வளவுதான். காசு மருதப்பனின் மாடியறைக்குக் குடிபோயிற்று. சுவா சூ காங்கிலிருந்தும் புக்கிட் பாத்தோக்கிலிருந்தும் பேருந்து ஏறி வந்தார்கள். சிலர் லாட்டரிக்கு நாலு நம்பர் கேட்டார்கள். சிலர் மகனுக்குப் பெண் கேட்டார்கள். எல்லாருக்கும் காசு ஊறிய தண்ணீர் புட்டியில் கிடைத்தது. குழாயில் தண்ணீராக இருந்தது, மாடிப்படி ஏறியதும் தீர்த்தமாயிற்று. காணிக்கைத் தட்டைத் தாண்டியதும் மருந்தாயிற்று.

வெள்ளிக்கிழமைக் குளியலுக்கு மட்டும் காசு மார்சிலிங்குக்கு வந்து போகும். அந்த உரிமையைச் சேதுபதி விட்டுக்கொடுக்கவில்லை.

அவருடன் வசித்த அக்கா ரத்தினம்மாவுக்குக் கண்ணில் புரை முற்றியிருந்தது. இன்னும் தள்ளிப்போட்டால் கண்ணே போய்விடும் என்று மருத்துவர் எச்சரித்து, அறுவைக்கு நாள் குறித்திருந்தார். மருதப்பன் கத்தி வேண்டாம் என்றார்; தீர்த்தத்தைச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார். சேதுபதி தாமே ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த நாளை ரத்து செய்தார். அக்காவின் கண் சிவந்தது. புரை உருகுகிறது என்று விளக்கம் வந்தது.

பக்கத்து வீட்டு அல்போன்சம்மாள் முந்தின ஆண்டுதான் கண் அறுவை செய்துகொண்டவர். செய்தி கேட்டு, வெள்ளிக்கிழமைக் குளியலுக்குக் காசு வீட்டுக்கு வந்திருந்த நேரத்தில் நேரே வந்தார்.

"சேது அண்ணே, அக்கா கண்ணுல காசு கழுவின தண்ணியா ஊத்தறீங்க?"

"மருதப்பன் சாமி கையை வந்து பாரு தங்கச்சி. அந்தக் காசு கிட்ட வந்தாலே நடுங்கும் லா."

"துணியில சுத்தி வச்சாலுமா?"

"சுவத்துக்கு அந்தப் பக்கம் வச்சாலும்."

"அப்ப நல்லது. காசை என்கிட்ட குடுங்க, நானே முடிஞ்சு எடுத்துட்டு வரேன்."

வெற்றி உறுதி என்று நம்பிய சேதுபதி கொடுத்துவிட்டார்.

மறுநாள் மாடியறையில் நிற்க இடமில்லை. அல்போன்சம்மாள் மூன்று மஞ்சள் முடிச்சுகளை வைத்து, ஞானக் காசைக் கண்டுபிடிக்கச் சொன்னார். மருதப்பன் கண்ணை மூடினார். முதல் முடிச்சில் கை அசையவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் நடுங்கிய நடுக்கத்தில் கழுத்து மணிமாலையே குலுங்கியது. கூட்டம் கும்பிட்டது.

முடிச்சை அவிழ்த்தார்கள். தட்டிச் சப்பையாக்கிய சோடாப் புட்டி மூடி ஒன்று உருண்டு விழுந்தது. மற்ற இரண்டிலும் அதன் உடன்பிறப்புகள்.

அல்போன்சம்மாள் தம் பர்ஸைத் திறந்தார். "காசு இந்தா இருக்கு சாமி. இவ்வளவு நேரமா உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். கை கண்டுக்கவே இல்லையே?"

தெய்வத்தைச் சோதித்தால் கோபம் வரும் என்றார் மருதப்பன். 1961க்கு என்ன பதில் என்றும் கேட்டார். பதிலாக அந்தம்மாள் விளக்கை அணைக்கச் சொல்லி, டார்ச் லைட்டைக் காசின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். சேதுபதி குனிந்து பார்த்தார். கடைசி ஒன்றின் தலையில் மெல்லிய நிழற்கோடு ஒன்று எழுந்தது. ஒன்று ஏழாயிற்று, 1967.

அந்தக் கோட்டைத் தேய்த்தது எந்தத் தெய்வமும் இல்லை. தம் கட்டைவிரலில் இன்னும் புளி மணப்பதைச் சேதுபதி உணர்ந்தார். அலகைக் கல்லில் தீட்டித் தீட்டியே தேய்த்துவிட்ட காகம் ஒன்று, அலகைத் தின்ற அந்தக் கல்லுக்குப் பெரிய பசி என்று காடெல்லாம் சொல்லித் திரிந்ததாம். காட்டில் பாதி, கல்லுக்குப் படையல் வைத்ததாம்.

விளக்கைப் போட்டபோது மருதப்பனைக் காணோம். பின்பக்கச் சுழற்படியில் காலடி ஓசை மட்டும் இறங்கியது. இப்போது கை நடுங்கியதா என்று பார்க்க யாரும் போகவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி முகப்பில் சேதுபதி கால்கடுக்க நின்றார். தப்பு தம்முடையது, அக்காவுடையது அல்ல என்று தாதியிடம் ஒளிக்காமல் சொன்னார். கெஞ்சி வேறொரு நாள் வாங்கினார். அறுவை முடிந்து கட்டுப் பிரிக்கும் வரை அக்காவின் படுக்கையோரத்திலேயே இருந்தார்.

"மன்னிச்சிருங்கக்கா," என்று சொல்லி அந்தக் காசை அவர் கையில் வைத்தார். "இதுல என்ன வருஷம்னு படிங்க."

ரத்தினம்மா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணா ஏழான்னு தெரியல, சேது. தேஞ்சு போச்சு. டார்ச் கொண்டா."

இப்போதும் வெள்ளிக்கிழமை விடிந்தால் சேதுபதிக்கு வேலை உண்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அக்காவின் கண்ணுக்கு மருத்துவர் தந்த சொட்டு மருந்தை விடுகிறார். காசு, தேய்ப்பாரின்றி மங்கிக் கிடக்கிறது.

தெரியவில்லை என்று சொல்ல ரத்தினம்மாவுக்கு அன்று கட்டுப் பிரித்த ஒரு கண் போதுமாக இருந்தது. இரண்டு கண்ணும் நன்றாக இருந்த ஊருக்குத்தான், டார்ச் கேட்கத் தோன்றவே இல்லை.