மைமூனாவின் பெயர் அமெரிக்கா போன விதம்

கணபதி, கோயமுத்தூர்
19 ஜூன் 1997, வியாழன்

காரமடையில் கறிவேப்பிலை மண்டி நடத்தும் என் அன்புத் தம்பி நசுருதீனுக்கு, அக்கா உம்மல் குல்சும் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் நலம். என் மூக்குக் கண்ணாடியும் நலம். உன் நலத்தையும் உன் மனைவியின் முழங்கால் வலியையும் பற்றித் தனியாக ஒரு கடிதம் போடு. படித்து வேண்டிய அளவு வருத்தப்படுகிறேன். இந்தக் கடிதத்தில் வருத்தத்துக்கு இடமில்லை. நான் ஜெயித்துவிட்டேன். என் மகன் ரைஹானின் மகளுக்கு மைமூனா என்று பெயர் வைத்தாகிவிட்டது. நம் அம்மாவின் பெயர் இப்போது நியூ ஜெர்சியில் ஒரு தொட்டிலில் படுத்துக் கை கால்களை ஆட்டிக்கொண்டிருக்கிறது. அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நான் கிண்டிய அல்வாவை இரண்டாவது தட்டும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க்கா அந்தப் பொட்டியோட மல்லுக்கட்டு? பேரு வெக்கறதை அவங்க பாத்துக்குவாங்க" என்று சொன்னாய் அல்லவா? அந்த வாயை நன்றாகக் கழுவிக்கொண்டு மேலே படி.

பேரக் குழந்தைக்குப் பெயர் சொல்வது தகப்பன் வழியில் மூத்தவரின் உரிமை. உன் மாமா, என் வீட்டுக்காரர், உயிரோடு இருந்தவரை அவர் சொன்னார். இப்போது நான்தான் சொல்ல வேண்டும். இது உனக்கும் தெரியும், இங்கே என்னோடு இருக்கும் மகன் ஆரிஃபுக்கும் தெரியும், பிரசவம் பார்க்க இரண்டு மாதம் முன்பே விமானம் ஏறிய சேலத்துச் சம்பந்தியம்மாளுக்கும் தெரியும். ஆனாலும் குழந்தை பிறந்த மறுநாளே அங்கே மிஸ்பா என்ற பெயர் உலவுவதாகச் செய்தி வந்தது. மிஸ்பா என்றால் விளக்கு. பொருளில் எனக்குச் சண்டையில்லை. யார் கையில் தீப்பெட்டி இருக்கிறது என்பதில்தான் சண்டை. ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வருவதற்குள் பெயரைப் பதிய வேண்டுமாம். அதற்குள் சொல்லவில்லை என்றால் நம் அம்மாவின் பெயருக்கு இனி எந்தக் குழந்தை இருக்கிறது? ஆரிஃபுக்கு இரண்டும் பையன்கள். உன் பேத்திகளுக்கு உன் மருமகள்கள் வைத்த பெயர்களை என்னால் மூச்சு விடாமல் சொல்லக்கூட முடியவில்லை.

போன் செய்திருக்கலாமே என்பாய். வீட்டுப் போனில் வெளிநாட்டுக்குப் பேச முடியாது; காந்திபுரத்தில் பூத்துக்கு இரண்டு முறை போய்ப் போன் செய்தேன். இரண்டு முறையும் எடுத்தது சம்பந்தியம்மாள். "பாப்பாவும் தாயும் நல்லா இருக்காங்க சம்பந்தி. மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்குமா ஓடிட்டிருக்காரு. என்ன சேதி, எங்கிட்ட சொல்லுங்களேன்" என்றாள். அவளிடம் சொல்வதா? நம் உரிமையை அவள் கையில் கொடுத்து, அதை அவள் எடுத்துக் கொடுக்கும்படி நான் கேட்டுக்கொள்வதா? "ஒன்றுமில்லை, நலம் விசாரிக்கத்தான்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது ஆரிஃபின் கம்ப்யூட்டர். அதில் ஈமெயில் வருகிறது, போகிறது. ஆனால் என் வரையில் அது வந்த விதத்தைக் கேள். ரைஹான் திரை நிறைய எழுதியிருப்பான். மருமகள் ரிஃபத் அதை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாரும் நல்லா இருக்காங்களாம் மாமி" என்பாள். "இவ்வளவு எழுத்தும் அது ஒன்றுதானா?" என்று கேட்டால், "மிச்சமெல்லாம் அங்கத்த குளிரைப் பத்திங்க மாமி" என்பாள். போகும் விதம் அதைவிட மோசம். பிள்ளை பெற்றவள் என்னென்ன சாப்பிட வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று போன மாதம் ஆரிஃபிடம் அரை மணி நேரம் சொல்லி எழுதச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டித் தட்டினான். பிறகு ரிஃபத்தை விட்டு எடுத்துக் காட்டச் சொன்னால், அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று ஒரே வரி! அதிலும் ஒரு பிழை. என் வயிற்றில் பிறந்தவன்!

ஆகவே திங்கட்கிழமை காலை ஆரிஃப் கடைக்குப் போனதும் நானே உட்கார்ந்தேன். அந்த ஈமெயில் புரோகிராமை நீ பார்த்ததில்லை. படம் கிடையாது, வண்ணம் கிடையாது. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். நாம் ஒரு கட்டளையைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் செய்யும். ஓர் எழுத்து தப்பினாலும் அப்படி ஒரு கட்டளை இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். கெஞ்சினாலும் இறங்காது. எங்கள் கான்வென்ட்டின் சிஸ்டர் யூஃப்ரேசியாவுக்குப் பிறகு இப்படி ஒரு கண்டிப்பை நான் பார்க்கவில்லை. முதல் நொடியிலேயே எனக்கு அதைப் பிடித்துவிட்டது.

ஆனால் சிஸ்டர் வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் தொடங்கச் சொன்னார். இது சின்ன எழுத்தில் தொடங்கினால்தான் கேட்கிறது. பாஸ்வேர்டைத் தட்டினால் திரையில் ஒன்றுமே தெரிவதில்லை. சாவிகள் செத்துவிட்டன என்று நினைத்து நாலு முறை ஓங்கி அடித்தேன், வெளியே தள்ளிவிட்டது. மறுபடி டயல் செய்தால் மோடம் ஆட்டுக்குட்டி கழுத்தில் தகரத்தைக் கட்டி ஓட விட்டதுபோல் கத்துகிறது. உள்ளே போய் மூச்சு விடுவதற்குள் ரிஃபத் சமையலறைப் போனை எடுத்து அவள் அம்மாவைக் கூப்பிடப் பார்த்தாள், இணைப்பு அறுந்தது. "போனைத் தொட்டால் இன்று உனக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்லை" என்றேன். மூன்றாம் முறை உள்ளே போய் ரைஹானின் முகவரியைத் தட்டினேன்; அப்போது பக்கத்துப் பட்டறையில் அங்கப்பன் தன் பெரிய மெஷினை ஓட விட்டார். விளக்கு மங்கிற்று, திரை நடுங்கிற்று, எல்லாம் போயிற்று. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நேராகப் பட்டறைக்கே போய்விட்டேன்.

"ஏனுங்க அங்கப்பன், ஒரு மணி நேரம் அந்த மெஷினை நிறுத்தி வையுங்க" என்றேன்.

"ஏனுங்கம்மா, ஊட்டுல ஆருக்காச்சும் ஒடம்பு செரியில்லீங்களா?"

"எல்லோரும் நலம். அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதுகிறேன்."

அவர் மெஷினையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "நீங்க எழுதறதுக்கு நாங்க எதுக்குங்க சத்தமில்லாம இருக்கோணும்? அமெரிக்காக்காரனுக்கு இங்கத்த சத்தம் கேக்குமுங்களா?"

"கரண்டு இறங்குகிறது. என் பேத்தியின் பெயர் அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது" என்றேன். அந்த மனிதர் உடனே திரும்பினார். "டேய், ஆப் பண்ணிப்போடுங்கடா! அம்மா பேத்திக்குப் பேரு போறவரைக்கும் டீ குடிச்சுப்போட்டு வாங்க" என்று உள்ளே சத்தம் போட்டார். பட்டறை முழுக்க எனக்காக நின்றது, நசுருதீன். உன் மண்டியில் யாராவது எனக்காகத் தராசையாவது நிறுத்தியிருப்பார்களா?

பிறகு எழுதினேன். ஆங்கிலத்தில்தான், அந்தப் புரோகிராமுக்குத் தமிழ் தெரியாது. தேதி, முகவரி, விளிப்பு எல்லாம் சிஸ்டர் கற்றுக்கொடுத்த இடங்களில். முதல் பத்தியில் நம் அம்மா யார் என்பது. பெரியம்மை வந்த வருஷத்தில் தெருவே கதவைச் சாத்திக்கொண்டபோது வீடு வீடாகக் கஞ்சி கொண்டுபோனவர் என்பதை எழுதினேன். இரண்டாம் பத்தியில் பெயர் சொல்லும் உரிமை யாருடையது என்பது. மூன்றிலும் நான்கிலும் பிள்ளை பெற்றவளின் சாப்பாடு. ஐந்தாவதில் உத்தரவு: குழந்தைக்கு மைமூனா என்று பெயரிடுக. முடித்துவிட்டு மூன்று முறை படித்தேன். ஒரு காற்புள்ளிகூட இடம் மாறவில்லை.

கடைசியில், கடிதத்தை அனுப்பலாமா, ஆம் அல்லது இல்லை என்று கேட்டது. நான் இல்லை என்றேன். சிரிக்காதே. ஒரு வீட்டுக்குப் போனால், சாப்பிடறீங்களா என்று கேட்ட உடனே கையைக் கழுவிக்கொண்டு உட்காருகிறவர்களா நாம்? முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அவர்கள் வற்புறுத்த வேண்டும், பிறகுதான் இலையில் உட்கார வேண்டும். முதல் தடவையே ஆமாம் என்று பாய்ந்தால் அந்தப் புரோகிராம் என்னைப் பற்றி என்ன நினைக்கும்? நான் எதிர்பார்த்தபடியே அது விடவில்லை. கடிதம் பத்திரமாக வைக்கப்பட்டது என்று சொல்லிக் கையிலிருந்து வாங்கிக்கொண்டது! மேட்டுப்பாளையம் மாமி, வேண்டாம் வேண்டாம் என்று நாம் சொல்லச் சொல்லப் பிரியாணியைத் தூக்குவாளியில் போட்டுக் கையில் திணிப்பாரே, அதே மாதிரி. அதைச் செய்தவன் எந்த ஊர்க்காரனோ, நன்றாக வளர்க்கப்பட்டிருக்கிறான்.

நேற்றுக் காலை ரைஹானின் பதில் வந்தது. நானே திறந்தேன், நானே படித்தேன். "அன்புள்ள அம்மா, பெயர் கிடைத்தது. மைமூனா என்றே பதிந்துவிட்டோம். எல்லோருக்கும் மிகவும் பிடித்திருக்கிறது. காதில் பாங்கும் சொல்லியாயிற்று." அவ்வளவுதான். சாப்பாட்டைப் பற்றிய இரண்டு பத்திகளுக்கு ஒரு வார்த்தை பதில் இல்லை. பாவம், வேலை மிகுதி. சம்பந்தியம்மாளைப் பற்றியும் மூச்சில்லை. அந்த மௌனத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என் கடிதத்துக்கு முன்னால் அவள் என்ன பேச முடியும்?

அதற்குப் பிறகு இந்தத் தெருவில் எனக்கு நடக்கும் மரியாதையை நீ வந்து பார்க்க வேண்டும். நேற்று அங்கப்பன் பட்டறைக்கு ஒரு பெட்டி மிட்டாய் அனுப்பினேன். "ஒரே நாள்ல பேரு போயிச் சேந்துருச்சுங்களாம்மா?" என்று அவரே வாசல் வரை வந்து கேட்டார். "என் கையால் போனால் போய்ச் சேரும்" என்றேன். கான்வென்ட்டின் பழைய மாணவியர் சங்கத்துக்கும் தகவல் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் ஈமெயில் என்ற தலைப்பில் நான் பேச வேண்டுமாம். முதல் தடவை வேண்டாம் என்றேன். அவர்களும் முறை தெரிந்தவர்கள், மறுபடி கேட்டார்கள். நீயும் வந்து முன்வரிசையில் உட்கார். வயதைப் பற்றி நீ சொன்னதை உன் பெயர் சொல்லாமல் ஓர் உதாரணமாகக் காட்டலாம் என்றிருக்கிறேன்.

உன் மண்டிக்கு வாடாத சரக்கும், உன் மனைவிக்கு வலிக்காத முழங்காலும், உனக்குக் கொஞ்சம் அடக்கமும் அல்லாஹ் தருவானாக. வீட்டில் எல்லோருக்கும் என் சலாம்.

இப்படிக்கு,
பெயர் சொன்ன அக்கா,
உம்மல் குல்சும்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், ரைஹானுக்கு இரண்டு வரி வாழ்த்து அனுப்பலாம் என்று மறுபடி கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். புதிய கடிதம் என்று தட்டியதும், திங்கட்கிழமை பத்திரப்படுத்திய கடிதம் ஒன்று இன்னும் அனுப்பப்படாமல் இருக்கிறது, அதை எடுக்கவா என்று கேட்டது. எடுத்தேன். என் கடிதம். ஐந்து பத்தியும் அப்படியே இருந்தன. ரிஃபத்தைக் கூப்பிட்டேன்.

"அப்படியென்றால் ரைஹானுக்குப் பெயரை யார் சொன்னது?"

அவள் முந்தானை நுனியைத் திருகினாள். "காரமடை மாமாதானுங்க மாமி. ஞாயித்துக்கெழமை இங்கிருந்து போனதும் பூத்துல போயிப் போன் பண்ணிட்டாருங்க. சேலத்தம்மாதான் எடுத்தாங்களாம். மாமா பேரைச் சொன்னதும், இத்தனை நல்ல பேரை வெச்சுக்கிட்டுச் சம்பந்தி ரெண்டு தடவை போன் பண்ணியும் எங்கிட்ட சொல்லலியேன்னு வருத்தப்பட்டாங்களாம். அவங்களே மிஸ்பா வேண்டாம்னுட்டாங்களாம்."

"இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"மாமா சொல்லக் கூடாதுன்னுட்டாருங்க. அதுக்குள்ள நீங்க பட்டறைக்கு மிட்டாயும் அனுப்பிச்சுட்டீங்க மாமி."

நசுருதீன், நீ செய்தது நல்ல காரியம். அம்மா இருந்தால் உன் தலையைத் தடவியிருப்பார். நான் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுத் தடவுவேன். சம்பந்தியம்மாளுக்கு இன்று சாயங்காலம் பூத்திலிருந்து போன் செய்து, நலம் விசாரிப்பதைத் தவிர வேறு விஷயமும் பேசுவதாக இருக்கிறேன். மேலே எழுதியதை மாற்றப் போவதில்லை; ஒரு பிழைகூட இல்லாத கடிதத்தைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. உன்னைத் திட்டிய இடங்களை நீயே பார்த்து அடித்துக்கொள். சங்கத்தில் என் பேச்சு உண்டு. நீ போன் செய்தது பற்றி அங்கே வாயைத் திறக்காதே.

ரைஹானுக்கு எழுதிய கடிதத்தை இப்போதுதான் அனுப்பினேன். இந்தத் தடவை கேட்ட உடனே ஆம் என்றேன். மரியாதை போனால் போகட்டும். மகளுக்கு மைமூனா என்று பெயரிடும்படி தாயின் உத்தரவு இன்று அவனுக்குப் போய்ச் சேரும். உத்தரவு வருவதற்கு முன்பே நிறைவேற்றிய பிள்ளை நம் குடும்பத்தில் அவன் ஒருவன்தான். அவனை வளர்த்தவள் நான்.